விடுமுறையில் ஆங்கிலம்: கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ நாவலை முன்வைத்து

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “டீச்சர், லீவுல இங்கிலீசுக்கு என்ன செய்யலாம்?” கேட்பது தமிழாசிரியரிடம் என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாமும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளையின் மொழி பற்றி நம்பிக் கேட்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்வி பெரும்பாலான வீடுகளில் ஒரு பயிற்றி நூல் வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்பு, சரியான விடைக்கு வட்டமிடு, கடைசிப் பக்கங்களில் விடைகள். முதல் வாரம் தினமும் நான்கு பக்கம் ஓடும். மூன்றாம் வாரம் அந்த நூல் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தூசு பிடித்துக் கிடக்கும்.

இன்னொரு பதிலும் இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. படிவம் 3 முடித்து, படிவம் 4-இல் என்னென்ன பாடம் எடுப்பது என்று வீட்டில் பேசுவதும் இதே விடுமுறையில்தான். பள்ளி திறந்ததும் ஒரு மாணவர் வந்து நிற்பார். “டீச்சர், இனி தமிழ் எடுக்கல. இங்கிலீசு வீக்கா இருக்கு, அதுல கவனம் செலுத்தணும்னு அம்மா சொல்றாங்க.” இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாணவராக இருந்தால், நீங்களே சொல்லியும் இருக்கலாம்.

இந்த இரண்டு பதில்களுக்கும் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் உள்ளன. ஒன்று, பயிற்சி செய்தால் ஆங்கிலம் வரும். இரண்டு, தமிழ் இடம் விட்டால்தான் ஆங்கிலம் வந்து உட்காரும். இவ்விரண்டையும் சோதித்துப் பார்க்க நம் வட்டாரத்திலிருந்தே ஒரு நாவல் இருக்கிறது. தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் ஆங்கிலம் கற்ற கதை அது. எழுதப்பட்டது ஆங்கிலத்தில். அதை ஒரு திறனாய்வாளராகவும், தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியராகவும் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.

நாவலும் ஆசிரியரும்

கே.எஸ். மணியம் 1942-இல் கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்தவர். புக்கிட் தெங்காவிலிருந்து வடக்கு நோக்கி காரில் போனால் சுமார் ஒரு மணி நேரத்தில் பீடோங் வந்துவிடும். முதலில் தமிழ்ப்பள்ளியில் படித்தார், பிறகு ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். இங்கிலாந்து சென்று ஆசிரியர் பயிற்சி பெற்றார், திரும்பி வந்து கெடாவில் ஆசிரியராக இருந்தார், பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளர் ஆனார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு ராஜா ராவ் விருது கிடைத்தது. 2020 பிப்ரவரியில் காலமானார். ‘தி ரிட்டர்ன்’ அவருடைய முதல் நாவல், 1981-இல் வெளிவந்தது. ‘இன் எ ஃபார் கன்ட்ரி’, ‘பிட்வீன் லைவ்ஸ்’ ஆகியவை பிறகு வந்த நாவல்கள்.

கதையைச் சொல்பவன் ரவி. கதை அவனிடமிருந்து தொடங்கவில்லை, அவன் பாட்டியிடமிருந்து தொடங்குகிறது. பெரியத்தாய் என்று அழைக்கப்படும் அந்தப் பாட்டி இந்தியாவிலிருந்து மூன்று மகன்களோடு வந்து இறங்குகிறார். சிறு சிறு வியாபாரம் செய்து பிழைக்கிறார், வீடு கட்டுகிறார், விளக்கேற்றிக் கும்பிடுகிறார். ஆனால் குடியிருக்கும் நிலத்துக்குப் பட்டா கிடையாது. சொந்தம் என்று நினைத்த மண் சொந்தமில்லை என்பதோடுதான் அவர் வாழ்வு முடிகிறது. அடுத்த தலைமுறை ரவியின் தந்தை கண்ணன். மருத்துவமனைக் குடியிருப்பில் சலவைத் தொழிலாளி. மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார். அங்கே ஆசிரியை மிஸ் நான்சி. ரவி படித்து, இங்கிலாந்து போய், ஆசிரியராகத் திரும்பி வருகிறான். தந்தையோ தன் தாயைப் போலவே ஒரு துண்டு நிலத்துக்காக ஏங்குகிறார். தனக்கு உரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டுகிறார். கடைசியில் அந்த வீட்டோடு தீயில் முடிந்துபோகிறார்.

தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கருப்பொருள், பின்னணி, கதைப்பாத்திரம், உத்தி, படிப்பினை என்று நாம் வகுப்பில் பார்க்கும் கருவிகள் எல்லாம் இந்த நாவலுக்கும் அப்படியே பொருந்தும். கருப்பொருள் என்ன? மேலோட்டமாகப் பார்த்தால் ‘கல்வியால் முன்னேற்றம்’ என்று எழுதிவிடலாம். முழுக்க வாசித்தவர் அப்படி எழுத மாட்டார். வேரூன்ற இடம் தேடும் மூன்று தலைமுறைகளின் கதை என்றுதான் எழுதுவார். பாட்டி மண்ணில் தேடினார், தந்தையும் மண்ணில் தேடினார், மகன் ஒரு மொழியில் தேடினான். அவனுக்குத்தான் இடம் கிடைத்தது. ஆனால் மற்ற இருவரும் இல்லாமல் போனார்கள்.

ரவிக்கு ஆங்கிலம் எப்படி வந்தது?

முதல் நம்பிக்கைக்கு வருவோம். ரவிக்கு ஆங்கிலம் எப்படி வந்தது என்று நாவலில் தேடிப் பாருங்கள். மிஸ் நான்சி அவனை ஈர்ப்பது கதைகளால். அவன் கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டை அவர் வகுப்பறைக்குள் கொண்டு வருகிறார். அந்த நாட்டின் வீடு, உடை, பேச்சு எல்லாம் பையனின் கற்பனையில் இடம் பிடிக்கின்றன. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல்தான் அவனை அந்த மொழிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.

இது நாவலாசிரியரின் கற்பனை மட்டுமல்ல. 1980-களின் தொடக்கத்தில் பிஜித் தீவுகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். நம்மைப் போலவே தென்னிந்தியத் தொழிலாளர்கள் கப்பலில் போய் இறங்கிய நாடு அது. கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. சில வகுப்புகளுக்குப் படங்களோடு கூடிய சுமார் 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். மற்ற வகுப்புகள் வழக்கமான பாட முறையிலேயே தொடர்ந்தன. சுமார் எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, கதை வாசித்த பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டலிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ‘கேட்டல்’. வாசித்தார்கள், கேட்கும் திறனும் வளர்ந்தது. காரணம் எளிது. ஒரு சொல்லை ஒரே ஒரு தடவை கோடிட்ட இடத்தில் எழுதினால் அது மறுநாள் போய்விடும். அதே சொல்லைக் கதையில் பத்து இடத்தில், பத்து விதமான வாக்கியங்களில் பார்க்கிறோம். அப்போது அது யாரோடு சேர்ந்து வரும், எந்த இடத்தில் பொருந்தும் என்பதும் சேர்ந்தே மனத்தில் பதிகிறது. தமிழ் நமக்கு எப்படி வந்தது? “வேற்றுமை எட்டு” என்று படித்து வரவில்லை. பாட்டி பேசினார், நாம் கேட்டோம். இலக்கணத்தைப் பிறகுதான் படித்தோம். அதனால்தான் அது புரிந்தது.

பயிற்றி நூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்து மாதிரி அது. எந்த இடத்தில் பிழை வருகிறது என்று தெரிந்தால், அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் செய்யலாம். “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” என்று எழுதுகிற மாணவருக்கு அந்தக் காலவகைப் பயிற்சி பயன் தரும். ஆனால் மருந்தையே சாப்பாடாகக் கொடுத்தால் உடம்பு தேறாது.

என்ன விலை கொடுத்தான்?

இப்போது கடினமான பகுதி. மிஸ் நான்சி கதை சொல்லிக் கொடுக்கிறார், சரி. கூடவே வேறொன்றும் ரவிக்குப் போய்ச் சேர்கிறது. அழகு, சுத்தம், ஒழுங்கு எல்லாம் அந்தத் தூர நாட்டில் இருக்கின்றன. தான் வந்த வீடு, தான் பேசும் மொழி, தந்தையின் தொழில் எல்லாம் தாழ்ந்தவை. இப்படி ஓர் எண்ணம் யாரும் நேராகச் சொல்லாமலே அவனுக்குள் வளர்கிறது. ஆங்கிலமும் வெட்கமும் ஒரே வகுப்பறையில், ஒரே குரலில் அவனுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அதனால் அவன் கற்ற ஆங்கிலம் வீட்டுக்குள் வரவே இல்லை. வாசலிலேயே நின்றுவிடுகிறது.

நாவலின் வலுவான இடம் இதுதான் என்பது என் கருத்து. மணியம் இதைப் புலம்பலாக எழுதவில்லை. ரவி தந்தையை வெறுப்பதும் இல்லை. பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. தந்தை நிலம், வீடு, தெய்வம் என்று தவிக்கும்போது மகன் பக்கத்தில்தான் இருக்கிறான், ஆனால் அந்தத் தவிப்பின் மொழி அவனுக்குப் பிடிபடவில்லை. நாவலின் இறுதியில் ஒரு கவிதை வருகிறது. சொற்கள் துணைக்கு வராத ஒரு நிலையைப் பற்றியது அது. யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் என்ற ஏணியில் ஏறி வாழ்வில் வென்ற ஒருவன், தந்தையின் மரணத்துக்கு முன்னால் நிற்கும்போது சொல் இல்லாமல் நிற்கிறான்.

பெற்றோரிடம் இதை எப்படிச் சொல்வது? “தமிழை விட்டுட்டா பிள்ளை உங்க கூட பேச மாட்டான்” என்று பயமுறுத்துவது எளிது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாவல் அப்படி ஒரு பிரசாரம் செய்யவில்லை, நாமும் செய்யக்கூடாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: பிள்ளையின் வீட்டை வெளியே நிறுத்திவிட்டுக் கற்பிக்கப்படும் மொழி, பிள்ளைக்குள் பாதிதான் நுழைகிறது.

நாவலோடு நான் உடன்படாத இடம்

ஒரு நூலைப் பாராட்டினால் மட்டும் திறனாய்வு ஆகாது. ‘தி ரிட்டர்ன்’ நாவலில் தமிழும் ஆங்கிலமும் தராசின் இரு தட்டுகள் போல் நிற்கின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும். ரவியின் காலத்துக்கு அது உண்மை. அன்று ஆங்கில வழிப் பள்ளி, தமிழ்ப்பள்ளி என்று பாதையே இரண்டாகப் பிரிந்திருந்தது. தமிழ்ப்பள்ளியோடு நின்றவருக்குத் தோட்டமும் கூலி வேலையும்தான் பெரும்பாலும் எஞ்சின. ஆங்கிலப் பள்ளிக்குப் போனவருக்கு அரசு வேலைக் கதவு திறந்தது. நடுவில் பாலம் கிடையாது.

இன்று அந்த நிலை இல்லை. 1970 முதல் ஆங்கில வழிப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறின. இப்போது இடைநிலைப்பள்ளியில் எல்லாரும் மலாய் வழியில் படிக்கிறோம். ஆங்கிலம் எல்லாருக்கும் ஒரு பாடம். தமிழும் ஒரு பாடம். பிறகு கொள்கைகள் பல தடவை மாறின. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன, தமிழ்ப்பள்ளிகளிலும்தான். 2012 முதல் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் பெற்றோர் மனத்தில் பழைய தராசு மறுபடி ஆடியது. பாதை ஒன்றாகிவிட்டது, பயம் மட்டும் இரண்டு பாதைக் காலத்திலேயே நின்றுவிட்டது.

அந்தத் தராசுக்கு எதிரான ஆதாரம் நம் பினாங்கிலேயே இருக்கிறது. 1816-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கப்பட்ட பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் ஓர் ஆங்கிலப் பள்ளி. அந்தப் பள்ளியில் அதே ஆண்டு தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் நாட்டின் தமிழ்க் கல்விக்குத் தொடக்கம் என்று நாம் கணக்கிடுகிறோம். 2016-இல் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடியதும் அந்தக் கணக்கில்தான். அந்த வகுப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் தொடக்கம் ஒரே கூரையின் கீழ் நடந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

நாவலில் நான் காணும் இன்னொரு குறையும் இதோடு சேர்ந்ததே. ரவியின் தமிழ் உலகம் பெரும்பாலும் சடங்காகவும் தெய்வமாகவும் துயரமாகவும் வருகிறது. வாசிக்கும் தமிழ், எழுதும் தமிழ், வாதாடும் தமிழ் அதில் குறைவு. பத்திரிகை, நூலகம், மேடை, சங்கம் என்று மலேசியத் தமிழர் கட்டி வைத்த ஒரு பெரிய எழுத்துலகம் அதே கெடாவிலும் பினாங்கிலும் அந்நாளில் இருந்தது. அது ரவியின் கண்ணில் பட்டிருந்தால், தமிழை விட்டு விலகாமலே ஆங்கிலத்துக்குப் போயிருக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வந்திருக்கும். நம் மாணவர்களுக்கு அந்தத் தமிழை நாம் காட்டுகிறோமா என்பது ஆசிரியர்களாகிய நமக்கான கேள்வி.

தேர்வுத் தாளோடு ஒப்பிட்டால்

“நாவல் எல்லாம் நல்லாதான் இருக்கு, தேர்வுக்கு என்ன லாபம்?” என்று மாணவர்கள் கேட்பது நியாயம். எஸ்.பி.எம். ஆங்கிலம் 1119 தாளின் இன்றைய அமைப்பைப் பாருங்கள்.

தாள் 1 வாசிப்பும் மொழிப் பயன்பாடும், 40 புள்ளி. தாள் 2 எழுத்து, 60 புள்ளி. தாள் 3 பேச்சு, 24 புள்ளி. தாள் 4 கேட்டல், 30 புள்ளி. நான்கு தாளில் இரண்டு தாள் காதுக்கும் வாய்க்கும் உரியவை. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்றி நூல் அந்த இரண்டையும் தொடுவதே இல்லை.

எழுத்துத் தாளையும் பிரித்துப் பாருங்கள். மூன்று பகுதி: சுமார் 80 சொல்லில் மின்னஞ்சல், 125 முதல் 150 சொல்லில் வழிகாட்டிக் கட்டுரை, 200 முதல் 250 சொல்லில் விரிவான எழுத்து. ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. அந்த 20-உம் நான்கு ஐந்தாகப் பிரிகிறது: கருத்து, தொடர்பாடல் திறன், ஒழுங்கமைப்பு, மொழி. அதாவது இலக்கணமும் சொல்வளமும் சேர்ந்த ‘மொழி’ நான்கில் ஒரு பங்கு. மீதி மூன்று பங்கு, சொல்ல ஏதாவது இருக்கிறதா, வாசிப்பவருக்குப் போய்ச் சேருகிறதா, வரிசையாக இருக்கிறதா என்பதற்கு. சொல்ல ஏதும் இல்லாத மாணவருக்கு எத்தனை இலக்கணப் பயிற்சி கொடுத்தாலும் அந்த மூன்று பங்கில் கை வைக்க முடியாது.

இதில் காலமும் ஒரு சிக்கல். யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது, பி.தி.3 2022-இல். ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் எதிர்கொள்ளும் முதல் பெரிய பொதுத்தேர்வே எஸ்.பி.எம்.தான். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், ஆங்கிலத்தில் கட்டாயமில்லை. அதனால் ஆங்கிலப் பலவீனம் படிவம் 5 வரைக்கும் வெளியே தெரியாமலே போகலாம். தெரியும்போது மேற்படிப்பு விண்ணப்பம் கையில் இருக்கும், அல்லது பிறை, புக்கிட் தெங்கா தொழிற்பேட்டைகளில் ஒரு நேர்காணல் காத்திருக்கும். விடுமுறை வாரங்கள் வீணாகக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு செய்தி பாடநூல் பற்றியது. இப்போதைய ஐரோப்பிய அளவுகோல் பாடத்திட்டத்துக்காகப் பயன்படும் நூல்களில் பல வெளிநாட்டில் தயாரானவை. முதல் இரண்டு ஆண்டுக்கு ‘சூப்பர் மைண்ட்ஸ்’, படிவம் 1, 2-க்கு ‘பல்ஸ் 2’, படிவம் 3-க்கு ‘குளோஸ்-அப்’, படிவம் 4-க்கு ‘ஃபுல் பிளாஸ்ட் பிளஸ் 4’. தரமான நூல்கள், அழகான அச்சு. ஆனால் அவற்றின் உலகம் பெரும்பாலும் மிஸ் நான்சியின் உலகம்தான். கோடை விடுமுறை உள்ள நாட்டுப் பிள்ளைகளின் உலகம். நமக்குக் கோடை என்று தனிப் பருவமே இல்லை, வருசம் முழுக்க வெயில்தான். பள்ளி நாளில் அந்த உலகத்தை வாசிக்கட்டும், தவறில்லை. விடுமுறையிலாவது நம் உலகத்தை ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் வேண்டும்.

நான்கு வாரத் திட்டம்

இதை அப்படியே பயன்படுத்தலாம், மாற்றியும் கொள்ளலாம். ‘தி ரிட்டர்ன்’ முழுவதும் படிவம் 4, 5 மாணவர்களில் நன்றாக வாசிப்பவர்களுக்கு ஏற்றது. மற்றவர்கள் பாட்டியைப் பற்றிய தொடக்கப் பகுதியை மட்டும் ஆசிரியர் துணையோடு வாசிக்கலாம். நூல் கிடைக்காவிட்டால் செபராங் ஜெயாவில் உள்ள பினாங்கு பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மணியத்தின் சிறுகதைகளோ வேறு எளிய ஆங்கிலக் கதைகளோ கிடைத்தாலும் போதும். நூலைத் தேர்ந்தெடுக்க ஐந்து விரல் விதி: ஒரு பக்கத்தை வாசித்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூல் இப்போதைக்குக் கடினம். எளிதானதை எடுங்கள், வெட்கம் வேண்டாம்.

முதல் வாரம், வாசிப்பு. தினமும் இருபது நிமிடம். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்காதீர்கள், கதை அறுந்துபோகும். வாசித்து முடித்ததும் வீட்டில் யாரிடமாவது கதையைத் தமிழில் சொல்லுங்கள். பாட்டி, அம்மா, தம்பி, யாராக இருந்தாலும் சரி. தமிழில் சொல்ல முடிந்தால் ஆங்கிலத்தில் புரிந்தது என்று பொருள். சொல்லத் தடுமாறும் இடத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள். தாள் 1-க்கு இது நல்ல பயிற்சி.

இரண்டாம் வாரம், கேட்டலும் மின்னஞ்சலும். உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ தமிழில் பேட்டி எடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், முதல் வீடு எப்படி இருந்தது, நிலம் யார் பெயரில் இருந்தது. கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றி ஆங்கிலத்தில் நண்பருக்கு 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். அத்தோடு தினமும் பத்து நிமிடம் ஆங்கிலச் செய்தியோ காணொலியோ, எழுத்துரை இல்லாமல் கேளுங்கள். கேட்டதில் மூன்று செய்தியைக் குறித்து வையுங்கள். தாள் 4-க்குக் காது பழகும்.

மூன்றாம் வாரம், பேச்சு. பேச்சுத் தாளில் இரண்டு மாணவர்கள் சேர்ந்து அமர்வார்கள், எல்லாம் சுமார் 13 நிமிடத்தில் முடியும். ஆகவே தனியாகப் பயிற்சி செய்யாதீர்கள். ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆளுக்கு ஒரு நிமிடம் பாட்டியைப் பற்றிப் பேசி, புலனத்தில் குரல்பதிவாக அனுப்புங்கள். பிறகு ஒரு கேள்வியை இருவரும் விவாதியுங்கள்: ரவி தந்தைக்கு என்ன செய்திருக்கலாம்? “லா”, “மா” எல்லாம் வரும், பரவாயில்லை. முதலில் வாய் திறக்கட்டும். இரண்டாம் பதிவில் திருத்திக்கொள்ளலாம்.

நான்காம் வாரம், எழுத்து. முதலில் 150 சொல்லில், ஆங்கிலம் கற்பதைப் பற்றி ரவிக்கு நீங்கள் தரும் ஆலோசனை. அடுத்து 250 சொல்லில் உங்கள் குடும்பத்துக் கதை. இங்கே ஒரு நல்ல சிக்கல் வரும். குத்துவிளக்கு, கோலம், வடை, மொய், பால்மரம் வெட்டுவது, இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மணியம் எப்படிச் சொல்கிறார் என்று போய்ப் பாருங்கள். சில இடத்தில் ஆங்கிலச் சொல்லால் விளக்குகிறார், சில இடத்தில் தமிழ்ச் சொல்லையே விட்டுவிடுகிறார். எது எங்கே பொருந்துகிறது என்று யோசிப்பதுதான் உண்மையான மொழிப் பயிற்சி. ஒரு செயலியிடம் கொடுத்து எழுதி வாங்கினால் இந்த யோசனை நடக்காது. உங்கள் பாட்டி அதற்குத் தெரியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் அனுப்பும் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டே இரண்டு பிழையை மட்டும் சுட்டுங்கள். முழுக்கச் சிவப்பு மையால் நிரப்பினால் அடுத்த எழுத்து வராது. முடிந்தால் பள்ளியின் ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து இதைச் செய்யுங்கள். தமிழ்ப் பேட்டியை நீங்கள் பாருங்கள், ஆங்கில எழுத்தை அவர் பார்க்கட்டும். ஒரே மாணவர், ஒரே கதை, இரண்டு மொழி.

பெற்றோர் கேட்டால் நாம் சொல்லக்கூடிய பதிலும் இதிலேயே இருக்கிறது. “அம்மா, தமிழை எடுத்துட்டா அந்த நேரத்துல இங்கிலீசு தானா வந்துடாது. அவன் பாட்டி கதையை முதல்ல தமிழ்ல கேட்கட்டும். அப்புறம் அதை இங்கிலீசுல எழுதட்டும். எழுதி முடிச்சதும் உங்களுக்கே படிச்சுக் காட்டச் சொல்லுங்க.” கண்ணன் தன் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார், ஆனால் மகன் கற்றதில் அவருக்குப் பங்கு கிடைக்கவே இல்லை. நம் வட்டாரத்துப் பெற்றோருக்கு அந்தப் பங்கு கிடைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு நூலக அட்டை, ஒரு கைப்பேசிப் பதிவு, நான்கு வாரம். இந்த விடுமுறையில் உங்கள் வகுப்பில் ஐந்து மாணவர்களோடு தொடங்கிப் பாருங்கள். வருகிற கட்டுரைகளில் நல்லவற்றை நம் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு மற்றவர்களுக்கு அவையே மாதிரிகளாக இருக்கும்.